டான்சீடுக்குப் போடணும்: எல்எல்பியா, பிரைவேட் லிமிடெட்டா?

வணக்கம் நண்பர்களே. சங்கரன்கோவில்ல நானும் தம்பியும் விசைத்தறிக்கு ஒரு சின்னக் கருவி செஞ்சிருக்கோம். பாவு நூல் அறுந்தா தறி நின்னுடும், தறிக்காரர் போனுக்கு மெசேஜ் போகும். மாமா தறியில நாலு மாசமா ஓடுது. பஞ்சுத் தூசி சென்சாரை அடைச்சிக்கிறதுதான் தலைவலி. பழைய டூத் பிரஷ்ஷால தினமும் தட்டிவிடுறார் மனுஷன்!

புதுத் தொழில் தொடங்குறவங்களுக்கு உதவுற தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தர்ற டான்சீட் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கணும். அதுக்கு டிபிஐஐடி (ஒன்றிய அரசோட தொழில் மேம்பாட்டுத் துறை) தர்ற ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேணும். எங்களுது தனிநபர் நிறுவனம் (புரொப்ரைட்டர்ஷிப்), அதுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. நிதிக்கு ஈடா பங்கு கொடுக்கணும், அதனால பிரைவேட் லிமிடெட்தான் சரின்னு ஆடிட்டர் சொல்றார். வருஷச் செலவை நினைச்சா மனசு எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பக்கம் போகுது.

டான்சீட் வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? எந்த வகையில பதிவு பண்ணீங்க? நேர்காணல்ல என்ன கேட்டாங்க? ஸ்டார்ட்அப் டிஎன்னோட திருநெல்வேலி வட்டார மையத்துக்கு நேர்ல போனா வழி சொல்வாங்களா? தூசிக்கு வழி தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.