தொழிற்பயிற்சி மாணவர்களிடையே அடிதடி ஏன்?

கேள்வி (மன்னார்குடி, பெற்றோர்):
தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் தொழில்) பிரிவில் பயிலும் என் மகனின் வகுப்பில், அரத்தை (உலோகத்தைத் தேய்க்கும் கருவி) யார் முதலில் எடுப்பது என்ற பேச்சு பேருந்து நிலையத்தில் கைகலப்பாக முடிந்தது. வயதுதான் காரணமா?

பதில் (ஓய்வுபெற்ற பயிற்றுநர்):
வயது மட்டுமல்ல, ஐயா. மதிப்பெண் குறைந்ததால் இங்கே தள்ளப்பட்டவன் என்ற முத்திரையோடு வரும் பிள்ளை, கூட்டாளிகளிடம் கிடைக்கும் மதிப்பையே பெரிதாக எண்ணுகிறான். வீட்டில் குடியும் அடியும் இருந்தால் அதையே பழகிக்கொள்கிறான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் 1961ஆம் ஆண்டு பொம்மைச் சோதனையில், பெரியவர் பொம்மையை அடித்ததைக் கண்ட குழந்தைகள் பலர் அவ்வாறே அடித்தனர்.

பதில் (திருவாரூர்):
சாதியை விட்டுவிட்டீர்களே! நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதே கயிறு கீழத்தஞ்சைப் பட்டறைகளிலும் மணிக்கட்டில் தெரிகிறது.

பதில் (நாகை):
அடித்தவனை மட்டும் நீக்கினால் பகை ஊருக்குள் போகும். இருவரையும் தனித்தனியே விசாரிக்கச் சொல்லுங்கள்.