ஸ்டேக்கிங்குக்குத் தமிழ்: அடுக்கலா, திரட்டலா?

எழுதியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட்

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்.

பள்ளி விடுமுறையில் இங்கே மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரவுவானப் பட்டறை நடத்தப்போகிறோம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை. கையில் இருப்பது 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஒன்று, மேசைமேல் வைக்கிற 114 மி.மீ. ஆடித் தொலைநோக்கி ஒன்று. ஒரு பெற்றோர் தம்முடைய சீஸ்டார் எஸ்50 கருவியை இரவல் தருகிறார். அது கையில் தூக்கிப் போகக்கூடிய கருவி. இரண்டரைக் கிலோ எடை, 50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத் தொலைவு. கண்ணை வைத்துப் பார்க்க அதில் இடமே இல்லை. பத்துப் பத்து விநாடியாகப் படம் எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, கைப்பேசித் திரையில் காட்டும். முதல் படத்தில் ஓரியன் நெபுலா (விண்ணில் உள்ள வாயு, தூசு மேகம்) வெறும் மங்கலாக இருக்கும். நேரம் போகப்போகச் சிவப்பும் இறகுபோன்ற விளிம்பும் எழுந்து வரும்.

இந்தச் சேர்க்கும் வேலைக்குத்தான் ஸ்டேக்கிங் என்று பெயர். கையேட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ் இருக்கிறது: குவியத் தொலைவு, கண்வில்லை, முக்காலி, ஒளியேற்பு நேரம் (எக்ஸ்போஷர்). இது ஒன்றுதான் இடிக்கிறது. நான் "அடுக்குதல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

——

எழுதியவர்: கணினி விரிவுரையாளர், கோயம்புத்தூர்

அடுக்கு வேண்டாம் அம்மா. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை. கணக்கில் அடிமானம், அடுக்கு என்று படிக்கிறோம். கணினியில் கடைசியாக வைத்த தரவை முதலில் எடுக்கும் அமைப்பும் அடுக்குதான். அங்கே வரிசை முக்கியம். உங்கள் படங்களில் எது முன், எது பின் என்பது பொருட்டே இல்லை. கலைத்துப் போட்டுச் சேர்த்தாலும் அதே படம்தான் வரும். பிள்ளை நாளைக்குக் கணினி படிக்கும்போது குழம்பும்.

——

எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

அன்புடையீர்,

மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது பிள்ளைகள் ஆரம்பத்திலேயே படிக்கிற இலக்கணம். ஆகவே "ஸ்டேக்கிங்" கையேட்டில் வரவே கூடாது. அடுக்குக்கும் இலக்கணத்தில் ஓர் இடம் இருக்கிறது. "அசைநிலை பொருள்நிலை இசைநிறைக்கு ஒருசொல் இரண்டு மூன்று நான்கு எல்லைமுறை அடுக்கும்" என்பது நன்னூல். பாம்பு பாம்பு, தீத் தீத் தீ என வருவது அடுக்குத்தொடர். நான்குதான் எல்லை. நூற்றுக்கணக்கில் படம் சேர்ப்பதற்கு அந்தச் சொல்லை நீட்டுவது எனக்கு உவப்பாக இல்லை.

நான் முன்வைப்பது தேக்கல். ஏரியில் நீரைத் தேக்குகிறோம். இங்கே ஒளியைத் தேக்குகிறோம். ஒளித்தேக்கல், படத்தேக்கல். ஒலியும் ஒத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லே நம் தேக்கிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது என் துணிபு. தேங்கு, தேக்கு, தேக்கம் என்ற சொற்குடும்பம் முழுதும் ஓரிடத்தில் நிலைத்துச் சேர்வதையே குறிக்கிறது.

——

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

> ஆங்கிலச் சொல்லே நம் தேக்கிலிருந்து போயிருக்க வேண்டும்

இல்லை ஐயா. அந்தச் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு வைக்கோற்போர் என்று பொருள். ஒலி ஒத்திருப்பது வேருக்குச் சான்று ஆகாது. "தேக்கம்" என்றால் இன்று பத்திரிகை வாசிக்கிறவர் மனதில் பொருளாதாரத் தேக்கமும் வழக்குத் தேக்கமும்தான் வரும். ஓடாமல் நிற்பதை அது சொல்கிறது. இங்கே நடப்பது வளர்ச்சி.

இன்னொன்று. நாங்கள் தொலைகாட்டி என்கிறோம், நீங்கள் தொலைநோக்கி என்கிறீர்கள். நாங்கள் இடை என்பதை நீங்கள் சராசரி என்கிறீர்கள். இந்தச் சொல்லிலாவது மூன்று நாட்டாரும் ஒன்றாக நிற்கலாமே.

——

எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

வைக்கோற்போர் என்று நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தில் வைக்கோற்போருக்குப் படப்பு என்று பெயர். என் தாத்தா வாயில் அந்தச் சொல் இருந்தது. படம், படிதல், படிவு, படை, படப்பு! ஒன்றன்மேல் ஒன்று படிவதெல்லாம் இந்தப் "படு" வேரில் வருவதாக எனக்குத் தோன்றுகிறது. சாமிக்குச் சோற்றைக் குவித்துப் படைப்பதையும் படப்பு என்றுதான் ஊரில் சொல்வார்கள். படங்களின் படப்பு: எவ்வளவு பொருத்தம் பாருங்கள். தேக்கலை விட்டுவிடுகிறேன். படப்பு என்றே வைப்போம்.

——

எழுதியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவில் வளர்கிறவர்கள். வைக்கோற்போரை அவர்களில் யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சொல்லை விளக்க ஒரு வகுப்பு, பொருளை விளக்க இன்னொரு வகுப்பு என்று ஆகிவிடும்.

——

எழுதியவர்: மின்னணுப் பொறியாளர், பினாங்கு

டீச்சர், வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடலாம். நான் சில வருடங்களாக வான்படம் எடுக்கிறேன்.

முதலில் ஒவ்வொரு படத்திலும் விண்மீன்களை அடையாளம் கண்டு, படத்தை நகர்த்தி, தேவைப்பட்டால் திருப்பி, மற்றவற்றோடு பொருத்த வேண்டும். பிறகுதான் சேர்ப்பது. நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறது. இரைச்சல் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி. அதனால் 100 படம் சேர்த்தால் ஒளி 100 மடங்கு கூடும், இரைச்சல் 10 மடங்குதான் கூடும். தெளிவு 10 மடங்கு. 400 படம் என்றால் 20 மடங்கு. வர்க்கமூலக் கணக்கு. நான்கு மடங்கு நேரம் கொடுத்தால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். நடுவில் ஒரு செயற்கைக்கோள் கோடு இழுத்துவிட்டுப் போனால், மற்றப் படங்களோடு ஒட்டாத அந்தப் புள்ளிகளை மென்பொருள் ஒதுக்கிவிடும். கணினியில் செய்ய டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் இரண்டும் இலவசம்.

அடுக்கல் என்றால் பொருத்துவதும் ஒதுக்குவதும் வரவில்லை. அதுதான் என் தயக்கம்.

பட்டறைக்கு ஒரு யோசனை. படத்தில் தொடங்காதீர்கள். முதலில் நிலா. உங்கள் 70 மி.மீ. குழாயின் குவியத் தொலைவு 700 என்றால், 25 மி.மீ. கண்வில்லையில் 28 மடங்கு வரும். அதிலேயே நிலாவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். சனியின் வளையம் 2025இல் விளிம்பைக் காட்டி நின்றது. இப்போது மெல்ல விரிந்து வருகிறது. சொந்தக் கண்ணால் அதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் திரையில் வருகிற படத்தின் அருமை தெரியும். நிலாவுக்கு முழுநிலா நாள் வேண்டாம். பிறை வளரும் நாட்களில் நிழல் விழுந்து பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். பகலில் எந்தக் குழாயையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

——

எழுதியவர்: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

டீச்சருக்கு வணக்கம். தோட்டத்துக் குமாஸ்தாவாக இருந்தவன், எனக்கு வானநூல் தெரியாது. பேரப்பிள்ளை உங்கள் பள்ளியில் படிப்பதால் இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டு வருகிறேன்.

தம்பி பினாங்கிலிருந்து எழுதியதைப் படித்ததும் பால்மரக் காட்டு (ரப்பர்த் தோட்டத்து) ஞாபகம் வந்தது. வெட்டுக்காரர் விடியலில் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போவார். ஒரு மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இறங்குகிற பால் கொஞ்சம்தான். திரும்பி வரும்போது ஒவ்வொரு மங்காக வாளியில் ஊற்றுவார். குப்பை விழுந்தது, மழைநீர் கலந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார். காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) வாளியைத் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தால்தான் அன்றைய பால் எவ்வளவு என்று தெரியும். அதை அடுக்குவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரட்டுவது. நிதி திரட்டுகிறோம், ஆள் திரட்டுகிறோம். எல்லோருக்கும் தெரிந்த சொல். திரட்டல் என்று போட்டால் என்ன?

——

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

கிராணி ஐயாவின் சொல்லுக்கு என் முழு ஆதரவு. திரளுதல் என்றால் பலவும் சேர்ந்து ஒரே உருவாவது. அடுக்கியதைத் திரும்பப் பிரிக்கலாம். திரண்டதைப் பிரிக்க முடியாது. இறுதிப் படத்திலிருந்து பழைய படங்களைப் பிரித்தெடுக்க முடியாதுதானே? படத்திரட்டல், உடனுக்குடன் திரட்டல். இரண்டும் நன்றாக ஒலிக்கின்றன.

——

எழுதியவர்: கணினி விரிவுரையாளர், கோயம்புத்தூர்

திரட்டி என்றால் வலைப்பதிவர்களுக்கு வேறு பொருள். பல தளங்களின் பதிவுகளை ஓரிடத்தில் காட்டுவதற்குத் திரட்டி என்று பெயர். தமிழ் இணையத்தில் வேர்விட்ட சொல் அது. படத்திரட்டு என்றால் ஆல்பம் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

——

எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

சங்கப் பாட்டில் அடுக்கம் என்றால் மலைச்சாரல். பாறைமேல் பாறை ஏறிக் கிடக்கும் இடம். சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு மலை புதிதில்லை. அடுக்குதான் என்று முடிவானால், அடுக்கம் என்று வைத்தால் இலக்கியமும் கூட வரும்.

கையேட்டில் வடக்கே நிற்கும் துருவ மீனை வடமீன் என்று எழுதலாமே. அதுவும் சங்கச் சொல்தான்.

——

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள். "வடமீன் புரையும் கற்பின்" என்று புறநானூற்றில் கபிலர் பாடுவது அருந்ததியை. சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டனுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மங்கலான மீன். துருவ மீன் வேறு. டீச்சர், அந்த இணையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கூர்மையான கண்ணுக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சிறிய தொலைகாட்டியில் பார்த்தால் வசிட்டனே இரண்டு மீனாகப் பிரியும்.

——

எழுதியவர்: மின்னணுப் பொறியாளர், பினாங்கு

துருவ மீன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் "துருவ மீனைப் பார்த்து முக்காலியைச் சரிசெய்" என்பார்கள். சுங்கை சிப்புட் கிட்டத்தட்ட 5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கே துருவ மீனும் தொடுவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில்தான் நிற்கும். செம்பனை மட்டையும் புகைமூட்டமும் அதை மறைத்துவிடும். அதனால் நமக்குத் தொடக்கத்தில் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதாரணத் தாங்கியே நல்லது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அப்படித் திரும்பும் கருவியில் வானம் படத்துக்குள் மெல்லச் சுழலும். ஓரியன் நெபுலா நம் ஊரில் உச்சிக்கு வரும்போது 80 பாகை உயரத்தில் இருக்கும். அந்த இடத்தில் சுழற்சி மணிக்குச் சுமார் 85 பாகை. பத்து விநாடியில் கால் பாகை. ஓரத்து விண்மீன்கள் கோடாக இழுபடும். கிழக்கில் ஏறி வரும்போதே எடுத்தால் சுழற்சி மிகக் குறைவு. உச்சிவரை காத்திருக்காதீர்கள்.

நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. ஒமேகா சென்டாரி என்ற விண்மீன்கொத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எழுவதே இல்லை. நம் தெற்கு வானில் 37 பாகைக்கு மேல் ஏறும். பாட நூலில் வரும் பாரி மண்டலத்தை (தென்சிலுவையை) காட்டிவிட்டு, குழாயை அதற்கு மேலே கிழக்குப் பக்கம் திருப்புங்கள். படம் திரட்ட அதைவிட நல்ல பொருள் தொடக்கக்காரர்களுக்கு இல்லை.

(பார்த்தீர்களா, "திரட்ட" என்றுதான் கை எழுதுகிறது. என் வாக்கு கிராணி ஐயாவுக்கு.)

——

எழுதியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் அடுக்கல் பக்கம் நிற்கிறார்கள். "வேறு வழி இல்லையென்றால் அடுக்கலே இருக்கட்டும்" என்கிற மடல்கள்தான் அதில் அதிகம். என் வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். அடுக்கல் என்றதும் பிள்ளைகள் உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்துக் காட்டினார்கள். திரட்டல் என்றபோது எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. எனக்கு அது போதும்.

கையேட்டில் இப்படிப் போகிறது: "பட அடுக்கல்: ஒரே விண்பொருளின் பல படங்களை விண்மீன்கள் ஒத்து நிற்கும்படி பொருத்தி, ஒட்டாதவற்றை ஒதுக்கி, ஒரே படமாகத் திரட்டுவது." படவடுக்கல் என்று புணர்த்தி எழுதவில்லை, பிள்ளைகள் உடைத்துப் படிக்கச் சிரமப்படுவார்கள். தலைமையாசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

——

எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

புணர்ச்சியைப் பொறுத்துக்கொள்கிறேன். சொல்லை ஏற்கவில்லை. விளக்கத்துக்குள் "திரட்டுவது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் கலைச்சொல் எது, விளக்கம் எது? அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுப்புவேன். பதிவில் இருக்கட்டும்.

——

எழுதியவர்: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

டீச்சர், பேரப்பிள்ளை கையேட்டை வாசித்துக் காட்டினான். புரிந்தது. பட்டறை அன்று மழை இருட்டினால் கருவிகளைப் பழைய மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், சாவி என்னிடம் இருக்கிறது. முடிந்ததும் ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். சிலிக்கா பொட்டலம் நான் வாங்கித் தருகிறேன்.

——

எழுதியவர்: மின்னணுப் பொறியாளர், பினாங்கு

டீச்சர், இரண்டாம் பக்கத்தில், வானம் படத்துக்குள் சுழல்வதை "ஃபீல்டு ரொட்டேஷன்" என்று அப்படியே விட்டிருக்கிறீர்கள். "காட்சிப்புலச் சுழற்சி" என்று போடலாமா?

——

எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

புலம் என்பது ஐம்புலனில் வரும் புலமா, வயலைக் குறிக்கும் புலமா? அதை முதலில் தீர்க்க வேண்டும். புதிய இழையில் எழுதுகிறேன்.