கல்யாண வீடியோ எடிட்டிங்: 24 கோர் கணினி வாங்கலாமா? அவசரம்

திண்டுக்கல்_ஃபிரேம்ஸ்
வணக்கம். ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் புதுக் கணினி வாங்கியாக வேண்டும். இருப்பது தாங்கவில்லை. டைம்லைனில் மூன்று கேமராவை வைத்து ஓட்டினால் படம் நின்று நின்று வருகிறது, சிபியு 100 சதவீதம் காட்டுகிறது. கடையில் ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ் சிப், 24 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), எடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து நாலரை லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை
இப்போது இருப்பது என்ன கணினி? எந்த மென்பொருள்? ரேம் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

கோர்பித்தன்
சிபியு 100 என்றால் கோர் போதவில்லை என்றுதான் அர்த்தம். தாராளமாக வாங்குங்கள். ஆனால் த்ரெட்ரிப்பர் தேவையில்லை, ரைசன் 9 9950எக்ஸ் போதும். 16 கோர், 32 த்ரெட். மிச்சமாகும் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்று வாங்கலாம்.

சுழல்தட்டு
வீடியோ ஃபைல் எல்லாம் எதில் இருக்கிறது? யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடிட் செய்பவர்கள்தான் பெரும்பாலும் இப்படி வருகிறார்கள். முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள்.

திண்டுக்கல்_ஃபிரேம்ஸ்
ஐ7 12700எஃப், 32 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. ப்ரீமியர் ப்ரோ. ஃபைல் எல்லாம் என்விஎம்இ எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_சிலிக்கான்
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, ஒருவரும் பழைய பதில்களைப் படிப்பதில்லை. கோர் கூடினால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் வேலையில் பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை போடும் என்று 1967இல் ஜீன் ஆம்டால் சொன்னதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும். வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துச் செய்யலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரோடு ஒப்பிட்டால் இப்போது உங்களிடம் இருக்கும் 12 கோரில் கிடைப்பது 5.7 மடங்கு, 24 கோரில் 7.3 மடங்கு. கோரை இரட்டிப்பாக்கினால் கூடுவது கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டவே தாண்டாது. கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

வைகைக்கரை
கணக்கு சரி. அதைச் சொல்ல அவரை இப்படி மட்டம் தட்ட வேண்டியதில்லை, சார். மனிதர் தொழில் நின்றுவிடும் பயத்தில் கேட்கிறார்.

செம்பருத்தி_எடிட்
ஃபிரேம்ஸ், முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். கேமரா என்ன? எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள்? இது தெரியாமல் கோர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை.

திண்டுக்கல்_ஃபிரேம்ஸ்
சோனி ஏ7 மார்க் 4 இரண்டு, எஃப்எக்ஸ்30 ஒன்று. எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4கே 50பி (வினாடிக்கு 50 ஃபிரேம்), 4:2:2 10பிட். போன வருடம்தான் இதற்கு மாறினோம். முன்பு பழைய கேமராவில் இதே கணினி நன்றாகத்தான் ஓடியது.

செம்பருத்தி_எடிட்
இதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265 என்ற சுருக்கும் முறை. அதில் எல்லா ஃபிரேமும் முழுப்படமாக இருக்காது. இடையிடையே சில முழுப்படங்கள், மற்றவற்றில் பக்கத்து ஃபிரேமுக்கும் இதற்கும் என்ன மாறியது என்ற விவரம் மட்டும். தாலி கட்டும் இடத்துக்கு நேராகத் தாவினால், அதற்கு முந்தைய முழுப்படத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால்தான் அந்த ஃபிரேம் திரையில் வரும். மூன்று கேமரா என்றால் இந்த வேலை மூன்று மடங்கு.

இதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு, அதுதான் டீகோடர். உங்கள் ஆர்டிஎக்ஸ் 3060இல் இருக்கும் டீகோடர் 4:2:0, அதாவது நிற விவரம் குறைவான எச்.265ஐ எடுத்துக்கொள்ளும், நிற விவரம் அதிகமான 4:2:2ஐ எடுக்காது. என்விடியாவில் 4:2:2 வந்தது 2025இல் வெளியான 50 வரிசையில்தான். இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் 11ஆம் தலைமுறையிலிருந்தே உள் கிராஃபிக்ஸ் இந்த ஃபார்மட்டைப் படிக்கும். ஆனால் 12700எஃப் என்பதில் அந்த 'எஃப்' உள் கிராஃபிக்ஸ் இல்லாத மாடலைக் குறிக்கிறது. அதனால் மொத்தச் சுமையும் சாதாரண கோர்கள் மேல் விழுகிறது. நீங்கள் பார்க்கும் 100 சதவீதம் அதுதான்.

7960எக்ஸில் உள் கிராஃபிக்ஸே கிடையாது. 9950எக்ஸில் சின்னதாக ஒன்று உண்டு, அது 4:2:2 படிக்காது. இரண்டுமே இதே வேலையைக் கோர் பலத்தால் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் தேறும், மறுக்கவில்லை. நாலரை லட்சத்துக்கு அது போதாது.

இன்று ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஒரு கிளிப்பை டைம்லைனில் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' வரைபடத்தைப் பாருங்கள். அது தரையிலேயே கிடந்தால் நான் சொல்வது சரி.

சுழல்தட்டு
டிஸ்க்கை இன்னும் விடமாட்டேன். 50பிக்கு உச்சத்தில் 200 மெகாபிட், அதாவது வினாடிக்கு 25 மெகாபைட். மூன்று கேமரா 75. என்விஎம்இக்கு அது ஒன்றுமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ப்ரீமியர் எழுதும் தற்காலிக ஃபைல்கள், அதாவது கேஷ், எங்கே போகிறது என்று பாருங்கள். அது பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம்.

கோர்பித்தன்
அப்படியானால் 'எஃப்' இல்லாத 14700கே ஒன்றை அதே போர்டில் மாட்டிவிடலாமே? சாக்கெட் எல்ஜிஏ1700தான்.

பழைய_சிலிக்கான்
13, 14ஆம் தலைமுறைச் சிப்களில் மின்னழுத்தச் சிக்கல் இருந்ததை 2024இல் இன்டெலே அறிவித்தது. அதையா தொழில் செய்பவருக்குச் சிபாரிசு செய்வது?

கோர்பித்தன்
அந்த ஆகஸ்டிலேயே 0எக்ஸ்129 மைக்ரோகோட், அதாவது சிப்புக்கான மென்பொருள் திருத்தம், வந்தது, செப்டம்பரில் இன்னொன்று. வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் போட்டால் என்ன?

பழைய_சிலிக்கான்
மைக்ரோகோட் இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கனவே கெட்டுப்போன சிப்பைச் சரிசெய்யாது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் வருவதில் எது முன்பு எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

கோர்பித்தன்
செகண்ட் ஹேண்ட் என்று நான் எங்கே சொன்னேன்? புதிது வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மின்வெட்டு_மாமா
ஒருவரும் கரண்ட்டைப் பற்றிப் பேசவில்லையே. 7960எக்ஸ் சிப் மட்டுமே 350 வாட் டிடிபி, அதற்கு மேல் கிராஃபிக்ஸ் கார்டு. ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் வீட்டு 600விஏ யுபிஎஸ் அதைத் தூக்காது. யுபிஎஸ் விலை அந்த நாலரை லட்சத்தில் சேர்ந்திருக்கிறதா, தம்பி? ரேமும் சர்வர்களில் போடும் ஆர்டிம் வகைதான் அதில் போடலாம், இப்போது இருப்பதைக் கழற்றி மாட்ட முடியாது.

ஆப்பிள்தோட்டம்
எம் வரிசை மேக் எல்லாமே இந்த எச்.265 4:2:2ஐ வன்பொருளில் படிக்கும். மேக் மினி பாருங்கள். ரேமைப் பிறகு கூட்ட முடியாது, அதை மட்டும் வாங்கும்போதே யோசித்து எடுங்கள்.

செம்பருத்தி_எடிட்
14ஆம் தலைமுறைச் சண்டை இவருக்குத் தேவையில்லை. அந்தச் சிக்கல் 12இல் கிடையாது. 'எஃப்' இல்லாத 12700 கிடைத்தால் போர்டு, ரேம் எதையும் தொடாமல் மாற்றலாம். இல்லையென்றால் இன்டெல் ஆர்க் ஏ380 மாதிரி 75 வாட் சின்ன கார்டு ஒன்றை 3060க்குப் பக்கத்தில் சொருகலாம், அதிலும் 4:2:2 எச்.265 டீகோடர் உண்டு. போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா, பவர் சப்ளை தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் காசே செலவில்லாத வழி: ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் இலகுவான ஒரு நகல். இரவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸிக்கு மாற்ற விட்டுவிட்டுத் தூங்குங்கள். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும், வெட்டும்போது திணறாது. எக்ஸ்போர்ட் அசல் ஃபைலிலிருந்தே போகும், தரம் குறையாது. இடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

திண்டுக்கல்_ஃபிரேம்ஸ்
பார்த்தேன். வீடியோ டீகோட் 0தான். ப்ராக்ஸி போட்டதும் மூன்று கேமராவும் நிற்காமல் ஓடுகிறது. முன்பணம் கொடுக்கவில்லை. நாளை வத்தலக்குண்டில் முகூர்த்தம், கிளம்புகிறேன். ரொம்ப நன்றிங்க.

வைகைக்கரை
கார்டா, சிபியுவா, எதை எடுத்தீர்கள் என்று வந்து சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

கரிசல்_கேமரா
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே திணறல். ஆனால் என்னுடையது 'எஃப்' இல்லாத 12700, உள் கிராஃபிக்ஸ் இருக்கிறது. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 4:2:2 10பிட். ஏன் எனக்கு வேலை செய்யவில்லை?

செம்பருத்தி_எடிட்
'எச்எஸ்' இல்லை, 'எஸ்' என்கிறீர்கள். அது எச்.264. எச்.264இல் 4:2:2 10பிட்டை உங்கள் சிப்பின் உள் கிராஃபிக்ஸ் படிக்காது. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து கேமராவில் எச்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கனவே எடுத்ததற்கு ப்ராக்ஸி போடுங்கள். எஸ்ஸிலேயே தொடர வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு இரண்டையும் படிக்கும், ப்ரீமியர் மட்டும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.