விண்டோஸ் சர்வர் 2019-க்கு பிரிண்டர் டிரைவர் எங்க எடுக்கறது? செட்டப் ஓடவே மாட்டேங்குது

பீண்யா பையன்:
வணக்கம் மக்களே. பெங்களூர் பீண்யால ஒரு மெஷின் ஷாப்ல சிஸ்டம் வேலையெல்லாம் நான்தான் பாக்கறேன். அக்கவுண்ட்ஸ், டிஸ்பாட்ச், ஸ்டோர்ஸ் எல்லாரும் அவங்கவங்க விண்டோஸ் 10 பிசில இருந்து ரிமோட் டெஸ்க்டாப் போட்டு சர்வர் 2019ல டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) ஓட்றாங்க. சலானும் இ-வே பில்லும் அடிக்க ஒரு பழைய குட்டி லேசர் பிரிண்டர், யூஎஸ்பி மட்டும்தான், லேன் போர்ட் கிடையாது, அதை சர்வர்லயே குத்தி வெச்சிருக்கோம். கம்பெனி சைட்ல விண்டோஸ் 7, 8, 10 எல்லாத்துக்கும் டிரைவர் இருக்கு, சர்வர்னு ஒரு வரிகூட இல்ல. விண்டோஸ் 10 செட்டப்ப எறக்கி ஓட்டினா இந்த ஓஎஸ்ஸுக்கு சப்போர்ட் இல்லன்னு சொல்லிட்டு மூடிக்குது. கூகுள்ல தேடினா வர்ற 'ஃப்ரீ டிரைவர் அப்டேட்டர்' சைட்டையெல்லாம் சர்வர்ல தொறக்கவே பயமா இருக்கு. கேட்ல லாரிக்காரர் சலான் கேட்டு ஹாரன் அடிச்சிட்டே இருக்கார், ஓனர் என் மூஞ்சிய பாக்கறார். பிராண்ட் பேரு வேணாம், சொன்னா அதுக்கு ஒரு சண்டை ஓடும்.

சர்வர் ரூம்:
தம்பி, சர்வர்னு தேடறத மொதல்ல விடுங்க. ரன் பாக்ஸ்ல 'வின்வெர்'னு அடிச்சு பாருங்க, விண்டோஸோட பில்ட் நம்பர் 17763ன்னு காட்டும், அது விண்டோஸ் 10-ஓட 1809 வெர்ஷன் பில்டேதான். உள்ள ஓடறது ஒண்ணுதான், அதனால விண்டோஸ் 10 64 பிட் டிரைவர் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கும். 32 பிட் பக்கம் போகவே வேணாம், 2008 ஆர்2ல இருந்து சர்வர் எல்லாமே 64 பிட்தான். அடம் பிடிக்கறது டிரைவர் இல்ல, அந்த செட்டப் புரோகிராம். அதை 7-ஜிப்ல பிரிச்சு ஒரு ஃபோல்டர்ல போடுங்க, உள்ள டிரைவர எப்படி ஏத்தணும்னு விண்டோஸுக்கு சொல்ற ஐஎன்எஃப் ஃபைல் ஒண்ணு இருக்கும், பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ், டிரைவர்ஸ் டேப், ஆட், ஹேவ் டிஸ்க், அந்த ஐஎன்எஃப்ப காட்டுங்க. பாதி பிரிண்டருக்கு இதோட கதை முடிஞ்சிடும்.

பீண்யா பையன்:
நன்றிண்ணா. பிரிச்சு காட்டினேன், பொருத்தமான டிரைவர் இந்த ஃபோல்டர்ல இல்லன்னுது. ஐஎன்எஃப்ப நோட்பேட்ல தொறந்தா மேனுஃபேக்சரர் செக்‌ஷன்ல 'என்டிஏஎம்டி64.6.1.1'ன்னு ஒரு வரி இருக்கு. அந்த கடைசி 1 என்ன?

கேபிள் ராஜா:
ப்ரோ அதான் பூட்டு. மொத 6.1 விண்டோஸ் வெர்ஷன், அதுக்கு மேல இருந்தாலும் ஓகே. கடைசி 1 வந்து வொர்க்ஸ்டேஷன் மட்டும்னு அர்த்தம், சர்வருக்கு 3. அந்த கடைசி .1ஐ மட்டும் வர்ற எடத்துலயெல்லாம் அழிச்சு சேவ் பண்ணி மறுபடி காட்டுங்க, வேலை முடிஞ்சுது.

சர்வர் ரூம்:
முடியாது ராஜா. ஐஎன்எஃப்ல ஒரு எழுத்து மாத்தினாலும் பக்கத்துல இருக்கற கேட்டலாக் ஃபைல்ல கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்தோட ஒத்துப்போகாது, ஹாஷ் சரியில்லன்னு தள்ளிடும். அதுக்கப்புறம் சிக்னேச்சர் செக்க ஆஃப் பண்ணு, டெஸ்ட் மோட்ல போடுன்னு போயிட்டே இருக்கும். வீட்டு பிசில வெளையாடலாம், மொத்த ஆபீஸ் கணக்கும் இருக்கற மெஷின்ல வேணாம்.

அல்சூர் அக்கா:
தம்பி, உங்க பிரிண்டரோட ஸ்பெக் ஷீட்ல 'பிரிண்டர் லாங்குவேஜ்'னு ஒரு வரி இருக்கும், அதை பாருங்க. பிசிஎல் 6, இல்ல போஸ்ட்ஸ்கிரிப்ட்னு இருந்தா கவலையே இல்ல, அந்த கம்பெனியோட பல மாடலுக்கும் பொதுவான யுனிவர்சல் டிரைவர் ஒண்ண போட்டா சர்வர்லயும் ஓடிடும், ஹெச்பி யுபிடி மாதிரி. 'ஹோஸ்ட் பேஸ்ட்'னோ 'ஜிடிஐ'ன்னோ இருந்தா பிரிண்டருக்குன்னு சொந்த மூளை கிடையாது, பக்கத்த வரையற வேலை மொத்தமும் கம்ப்யூட்டர்ல அந்த டிரைவர்தான் செய்யணும், யுனிவர்சல் டிரைவர் அதுக்கு ஆகாது. வெல கம்மியா வர்ற குட்டி லேசர் நெறைய இந்த ஜாதிதான், உங்களதும் அதாத்தான் இருக்கும்னு தோணுது.

அதனால சர்வருக்கு டிரைவரே வேணாம்னு வெச்சுக்கோங்க. யூஎஸ்பி கேபிள சர்வர்ல இருந்து புடுங்கி டிஸ்பாட்ச் டேபிள்ல இருக்கற விண்டோஸ் 10 பிசில குத்துங்க, அதுல டிரைவர் ஒழுங்கா ஏறிடும். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி லோக்கல் ரிசோர்சஸ் டேப்ல பிரிண்டர்ஸ்னு டிக் போடுங்க. உள்ள போனா பிரிண்டர் பேருக்கு பின்னாடி 'ரீடைரக்டட்'னு ஒரு நம்பரோட வரும், டிரைவர்னு பாத்தா 'ரிமோட் டெஸ்க்டாப் ஈஸி பிரிண்ட்'னு இருக்கும். பக்கம் எக்ஸ்பிஎஸ்ஸா (பிடிஎஃப் மாதிரி ஒரு ஃபார்மேட்) உங்க பிசிக்கு வந்து அங்க இருக்கற டிரைவர்ல அடிக்கும். சர்வர் 2008ல இருந்து இருக்கற வசதி, இத்தனை வருஷமாகியும் இதை விட்டுட்டு ஏன் எல்லாரும் சர்வர்லயே டிரைவர் ஏத்த அல்லாடறாங்கன்னு எனக்கு புரியல.

பீண்யா பையன்:
அக்கா சூப்பர்! ஜிடிஐன்னுதான் போட்டிருக்கு. நீங்க சொன்ன மாதிரி கேபிள மாத்தினேன், டேலில இருந்து சலான் வந்துடுச்சு, லாரியும் கெளம்பிடுச்சு. இப்ப அக்கவுண்ட்ஸ்காரங்களும் அதே பிரிண்டர்ல அடிக்கணும்ங்கறாங்க, அப்புறம் கேட் பாஸுக்கு எப்சன் எல்எக்ஸ்-310 டாட் மேட்ரிக்ஸ் ஒண்ணு இருக்கு, அதையும் இப்படியே விட்டா ஆமை மாதிரி நகருது.

அல்சூர் அக்கா:
டிஸ்பாட்ச் பிசில இருந்து ஷேர் குடுங்க, அக்கவுண்ட்ஸ் பிசில ஆட் பண்ணுங்க, அங்கருந்து சர்வருக்கு அதே டிக்தான். ஆனா ஆட் பண்றப்ப அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும். 2021 ஜூலைல விண்டோஸ் பிரிண்ட் சர்வீஸ்ல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்துச்சுல்ல, அதுக்கு ஆகஸ்ட்ல விட்ட அப்டேட்ல இருந்து சாதாரண யூசர் தானா டிரைவர் ஏத்த முடியாது. ரெஜிஸ்ட்ரில ஒரு வேல்யூவ சைபராக்கினா கேக்காதுன்னு யாராச்சும் சொல்வாங்க, செய்யாதீங்க, ஒவ்வொரு பிசிலயும் நீங்களே போய் ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டுட்டு வந்துடுங்க.

சர்வர் ரூம்:
டாட் மேட்ரிக்ஸுக்கு மட்டும் ஈஸி பிரிண்ட் ஆகாது, எழுத்தையெல்லாம் படமா மாத்தி அனுப்பும், ஹெட் ஒவ்வொரு வரிக்கும் அங்கயும் இங்கயும் இழுத்துட்டு கெடக்கும். அதை சர்வர்லயே குத்தி, விண்டோஸோட வர்ற 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவர போடுங்க, டேலிலயும் டாட் மேட்ரிக்ஸ் ஃபார்மேட் செலக்ட் பண்ணுங்க. லோகோவும் கோடும் வராது, கேட் பாஸுக்கு அது எதுக்கு.

கேபிள் ராஜா:
பெங்களூர் எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல செகண்ட் ஹேண்ட் லேசர் பாக்கப் போறேன், அப்ப பிசிஎல் 6 இருக்கான்னு கேட்டு வாங்கணும், அதானே அக்கா?

அல்சூர் அக்கா:
ஆமா, கூடவே லேன் போர்ட்டும். கடைக்காரர் சொல்றத நம்பாம செல்ஃப் டெஸ்ட் பேஜ் ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க, நெறைய மாடல்ல அதுலயே லாங்குவேஜ் பேரு வரும்.