வல்னரபிலிட்டிக்குப் 'புரை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருளில் தாக்குபவர் நுழைய இடம்தரும் குறையை ஆங்கிலத்தில் வல்னரபிலிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். முந்தைய மடலில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த 'பாதிப்பு' எனக்கு உடன்பாடில்லை. பாதிப்பு என்பது தாக்குதலுக்குப் பின் வருவது. நாம் பெயர் தேடுவதோ, யாரும் தாக்காவிட்டாலும் நிரலுக்குள் கிடக்கிற ஒன்றுக்கு. 'வழு' என்பதோ பக் (நிரலில் நேரும் எந்தப் பிழையும்) என்பதற்கு நிலைத்துவிட்டது. ஸ்லைடில் எழுத்துரு மாறித் தெரிவதும் வழுதான், அதனால் கணினி பறிபோகாது.

2014இல் பவர்பாயின்ட் கோப்புகள் வழியாக வெளிப்பட்ட, விண்டோஸின் சாண்ட்வார்ம் குறையைப் பாருங்கள் (குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2014-4114). பி.பி.எஸ்.எக்ஸ் என்கிற பவர்பாயின்ட் காட்சிக் கோப்பைத் திறந்தால் போதும். மேக்ரோ (கோப்புக்குள் வைக்கும் சிறு நிரல்) எதுவும் வேண்டாம். ஸ்லைடுக்குள் பொதிந்த ஓ.எல்.ஈ பொருள் (ஓர் ஆவணத்துக்குள் வேறொரு கோப்பைப் பொதியும் முறை) வெளிச் சேவையகத்திலிருந்து ஐ.என்.எஃப் என்கிற நிறுவல் கட்டளைக் கோப்பை இழுத்துவந்து இயக்கிவிடும். காட்டுவதற்காக வந்தது கட்டளையாகிவிடுகிறது.

இதற்கு நான் முன்வைப்பது 'புரை'. துளை, குற்றம் இரண்டையும் இந்த ஒரு சொல் குறிக்கும். 'புரைதீர்ந்த நன்மை' என்கிற குறளில் (292) குற்றம் என்றே பொருள். அதைவிட என்னை ஈர்த்தது புரையேறுதல். உணவுக்குழாயில் போகவேண்டிய நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தரவாகப் போகவேண்டியது கட்டளையின் வழியில் போவதும் அதே கதை. ஆகவே எக்ஸ்ப்ளாயிட் (குறையைப் பயன்படுத்தித் தாக்கும் நிரல்) 'புரையேற்றி' ஆகலாம். 'சுரண்டல்' இங்கே வேண்டவே வேண்டாம். அது உழைப்பைச் சுரண்டுவதோடு ஒட்டிப்போன சொல்.

கண்புரையோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். 'பாதுகாப்புப் புரை' என்று முதன்முறை விரித்து எழுதினால் குழப்பம் வராது.

பேட்ச் (குறையைச் சரிசெய்யத் தயாரித்தவர் தரும் திருத்தம்) என்பதற்கு 'ஒட்டு' இருக்கட்டும். ஆனால் ஒட்டுப்போடுவது வேறு, புரை தீர்வது வேறு. சாண்ட்வார்முக்கு மைக்ரோசாஃப்ட் அக்டோபரில் ஒட்டு வெளியிட்டது. ஒரே வாரத்தில் அதே ஓ.எல்.ஈ வழியில் இன்னொரு புரை தெரியவந்தது (சிவிஇ-2014-6352). நவம்பரில்தான் அதற்கும் ஒட்டு வந்தது. இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரே வரியில் சொல்ல முடிகிறதே, அதற்காகவே இந்தச் சொல்லை விட மனமில்லை.

ஜீரோ-டே, அதாவது தயாரித்தவருக்குத் தெரியும் முன்பே தாக்குபவர் கையில் சிக்கிய புரை, அதற்குச் சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'ஒட்டிலாப் புரை' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அறிவிப்பு வந்தும் ஒட்டு வராத நாள்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. தயாரித்தவர் அறியும் முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது என்பதைத் தனியே காட்டவில்லை. 'அறியாப்புரை' சரியா? உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.