கலவையாம், கலவை! (நானக்கை மிக்ஸியில் போட்டவர்கள் கவனத்துக்கு)

லூதியானா_ரிட்டர்ன்:
நேற்று 'பஞ்சாப் பயணம்' இழையில் ஞானக்கிறுக்கன் அண்ணன் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: "சீக்கியம் என்பது இந்து மதத்தில் பாதி, இஸ்லாத்தில் பாதி எடுத்துச் செய்த கலவை." அதற்கு நாற்பது லைக் வேறு. வயிறு எரிந்தது, அதான் தனி இழை.

பனியன் நூல் வியாபாரத்துக்காக 11 வருடம் லூதியானாவில் குப்பை கொட்டியவன் நான். சீக்கியத்தைத் தொடங்கிய முதல் குரு நானக் 1469இல் தல்வண்டியில் பிறந்தார்; இன்று அது பாகிஸ்தானில் நன்கானா சாஹிப். சுல்தான்பூர் லோதியில் தௌலத் கான் லோதியின் தானியக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர். ஆற்றில் குளிக்கப் போய் மூன்று நாள் காணாமல் போனார். திரும்பி வந்ததும் சொன்னது: "நா கோ ஹிந்து, நா கோ முசல்மான்." இந்துவும் இல்லை, முசல்மானும் இல்லை. இரண்டும் இல்லை என்றவரிடம் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிப்பது எந்த ஊர்க் கணக்கு?

ஞானக்கிறுக்கன்:
தம்பி, 11 வருடம் நூல் விற்றவரெல்லாம் நூல் படித்தவர் ஆகிவிட முடியாது. அந்த வாக்கியம் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபில் எங்கே இருக்கிறது? மொத்தம் 1430 பக்கம். பக்க எண் கொடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

லூதியானா_ரிட்டர்ன்:
1136. மூடிக்கொள்ளுங்கள். "நா ஹம் ஹிந்து, ந முசல்மான்." அப்புறம், அதைப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'அங்' என்பார்கள். கிரந்தம் அவர்களுக்கு உயிருள்ள குரு, அதனால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்கம். இதுகூடத் தெரியாமல் கலவை பேச வந்துவிட்டீர்கள்.

ஞானக்கிறுக்கன்:
ஹா ஹா, மாட்டினீர்கள். முதலில் 'நா கோ', இப்போது 'நா ஹம்'. அது 'யாருமில்லை', இது 'நாங்கள் இல்லை'. வேறு வேறு வாக்கியம். அந்த 1136இல் தலைப்பைப் பார்த்தீர்களா? 'மஹலா 5'. அதாவது ஐந்தாம் குரு அர்ஜன். போதாக்குறைக்குக் கடைசியில் "கஹு கபீர்" என்று கபீர் பெயரில் முடிகிறது. நீங்கள் சொன்ன 'நா கோ' கிரந்தத்தில் இல்லை, நானக்கின் வாழ்க்கையைச் சொல்லும் ஜனம்சாகிக் கதைகளில்தான் இருக்கிறது. அவை நானக் மறைந்த பிறகு எழுதியவை. நானக் சொன்னதற்குப் பக்க எண் எங்கே?

தர்ப்பை:
இரண்டு பேருமே வழி தவறிவிட்டீர்கள். கலவையும் இல்லை, தனி மதமும் இல்லை, பக்தி இயக்கத்தின் ஒரு கிளை. கர்மா உண்டு, மறுபிறவி உண்டு, ராம நாமம் உண்டு. கபீர், நாமதேவர், ராமானந்தர், ஜெயதேவர் பாடல்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பொற்கோயில் வளாகத்தில் 1905 வரை விக்கிரகங்கள் இருந்தன. 'நாங்கள் இந்துக்கள் அல்ல' என்று சீக்கிய அறிஞர் கான் சிங் நாபா புத்தகம் போட்டதே 1898இல்தான். அதற்கு முன்னால் இந்தச் சண்டையே கிடையாது.

கரிசல்_அக்கா:
ஷேக் ஃபரீதை மட்டும் லாகவமாக விட்டுவிட்டீர்களே தர்ப்பை சார். அவர் சூஃபி, அவர் பாட்டும் அதே கிரந்தத்தில்தான் இருக்கிறது. உங்கள் பெயரைப் பார்த்ததும் கிரந்தத்தில் உள்ள நானக்கின் 'ஆசா தி வார்' பாடல் ஞாபகம் வந்தது. கருணை பஞ்சு, மனநிறைவு நூல், புலனடக்கம் முடிச்சு, சத்தியம் முறுக்கு. அப்படி ஒரு பூணூல் இருந்தால் போட்டுவிடு என்று பண்டிதரிடம் கேட்கிறார். அது அறாது, அழுக்காகாது, எரியாது என்கிறார். கிளை இப்படியா மரத்தைப் பார்த்துப் பேசும்?

தர்ப்பை:
சித்தர்கள் பேசாததா? சிவவாக்கியரைவிடவா நானக் கடுமையாகச் சொல்லிவிட்டார்? அவரை எந்த மதத்தில் சேர்ப்பீர்கள் அக்கா?

கரிசல்_அக்கா:
சிவவாக்கியர் தனக்குப் பின் ஓர் ஆளை நியமித்து, ஊர் அமைத்து, பந்தி போட்டு வைத்துவிட்டா போனார்?

லூதியானா_ரிட்டர்ன்:
அக்கா சொன்னதுதான் மையப் புள்ளி. யாரும் அதைத் தொட மாட்டேன் என்கிறீர்கள். நானக் கர்தார்பூரில் உட்கார்ந்தார், வயலில் இறங்கி உழுதார். உழைத்துச் சாப்பிடு, நாமத்தைச் சொல், பகிர்ந்து உண். சாமியாராகப் போன மூத்த மகன் ஸ்ரீசந்தை விட்டுவிட்டு லேஹ்னா என்ற சீடரை அங்கத் என்று பெயர் மாற்றி அடுத்த குருவாக்கினார். கிரந்தத்தின் தொடக்க வரிகளான மூல மந்திரத்தைப் படியுங்கள்: ஒருவனே, அச்சமற்றவன், பகையற்றவன், பிறப்பில்லாதவன், தானே ஆனவன். பிறப்பில்லாதவனுக்கு ஏது அவதாரம்?

குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கரில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இது புரியும். அமிர்தசரஸில் முதல் தடவை தலையில் ஆரஞ்சு நிறத் துணியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ரொட்டி வந்ததும் வழக்கம்போல ஒற்றைக் கையை நீட்டினேன். பரிமாறியவர் போடவில்லை. பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் என் முழங்கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினார். அங்கே அது ரொட்டி இல்லை, 'பர்ஷாதா'. ஏந்தித்தான் வாங்க வேண்டும். எனக்கு இந்தப் பக்கம் டிரைவர், அந்தப் பக்கம் என் மில் முதலாளி. ஒரே பாய். இதை எந்த மதத்தில் பாதி எடுத்தார்கள் அண்ணே?

ஞானக்கிறுக்கன்:
சாப்பாட்டுக் கதை நன்றாக இருந்தது. பக்க எண் எங்கே?

ஈரோட்டான்:
லங்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1924 வைக்கம் போராட்டத்தில் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து இலவசச் சாப்பாட்டுக்கூடம் போட்டார்கள். காந்திக்கு அது சரிப்படவில்லை, மூட வைத்தார். பெரியார் சிறைக்குப் போன போராட்டத்தில் பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் சீக்கியர்கள்.

தர்ப்பை:
ஆரம்பித்துவிட்டார். எந்த இழையைத் திறந்தாலும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். காந்தி சொன்னதில் என்ன தப்பு? உள்ளூர்ப் போராட்டத்தை உள்ளூர்க்காரர்கள் தங்கள் சோற்றில் நடத்தட்டும் என்றார்.

ஈரோட்டான்:
நீங்கள்தான் சீக்கியர்கள் கிளை என்றீர்கள். கிளை வந்து சோறு போட்டால் அது வெளியாள் சோறா?

தர்ப்பை:
திரிக்காதீர்கள். போன மாதமும் இதே வேலைதான் செய்தீர்கள்.

ஞானக்கிறுக்கன்:
இன்னொரு விஷயம். அர்ஜன் 1604இல் தொகுத்த மூலப் பிரதியே கர்தார்பூரில்தான் இருக்கிறது. 2019இல் பாதை திறந்தார்களே, அங்கேதான். ரிட்டர்ன் தம்பி போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

லூதியானா_ரிட்டர்ன்:
😂😂 அண்ணே, அது வேறு கர்தார்பூர்! பாதை போட்டது பாகிஸ்தானில் நானக் மறைந்த ஊருக்கு. பிரதி இருப்பது ஜலந்தர் பக்கத்துக் கர்தார்பூரில், சோதி குடும்பத்தின் வசம். எத்தனை தடவை அந்த வழியாக லோடு அனுப்பியிருக்கிறேன். ஊரே தெரியாதவர் எனக்குப் பக்க எண் பாடம் எடுக்கிறார்.

ஞானக்கிறுக்கன்:
ஊர் பெயர் குழம்பியது கை தவறு. ஆதாரம் இல்லாமல் மேற்கோள் போட்டது வாய்த் தவறு. 'நா கோ' எங்கே?

லூதியானா_ரிட்டர்ன்:
ஜனம்சாகியில் இருக்கிறது. சீக்கியர்கள் நான்கு நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். அர்ஜன் 'நா ஹம்' என்று அதையேதான் கிரந்தத்தில் வைத்தார். 1699 வைசாகியில் அனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் தலை கேட்டபோது எழுந்த ஐந்து பேர் லாகூர், அஸ்தினாபுரம், பூரி, துவாரகை, பீதர் என்று ஐந்து ஊர்க்காரர்கள். பல சாதி. தீட்சையாக அமிர்தம் வாங்கியதும் எல்லோரும் சிங். இது கலவை இல்லை, புது மாவு.

ஞானக்கிறுக்கன்:
மாவு அரைப்பது இருக்கட்டும். 'கோ'வா, 'ஹம்'மா?

கரிசல்_அக்கா:
இரண்டுமே 'இல்லை' என்றுதானே சொல்கின்றன, ஞானம்? அதில் உங்கள் 'பாதி' எங்கே இருக்கிறது?

ஞானக்கிறுக்கன்:
அக்கா, நீங்கள் நடுவில் வராதீர்கள். 1136இல் அடுத்த வரியே "அலஹ் ராம் கே பிண்டு பரான்". உடலும் உயிரும் அல்லாவுக்கும் ராமுக்கும் சொந்தமாம். அல்லா ஒன்று, ராம் ஒன்று. இதற்குத் தமிழில் கலவை என்றுதான் பெயர்.

லூதியானா_ரிட்டர்ன்:
அந்த ஒருவனுக்கே இரண்டு பெயர் என்று அர்த்தம். என் வீட்டில் என்னை ராசு என்பார்கள், கடையில் முதலாளி என்பார்கள். நான் இரண்டு பேரைக் கலந்து செய்தவனா?

தர்ப்பை:
ஒருவனுக்குப் பல பெயர் என்பது ரிக் வேதம். நன்றி, என் கட்சிக்கு வந்ததற்கு.

லூதியானா_ரிட்டர்ன்:
உங்கள் கட்சிக்கு நான் வரவில்லை சார்.

திண்ணைக்காவலர் (மட்டுறுத்துநர்):
வைக்கம் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியாயிற்று. இங்கே சீக்கியம் மட்டும்.

ஈரோட்டான்:
என் பதிவை மட்டும் மாற்றிவிட்டுத் தர்ப்பையின் பதிலை இங்கேயே வைத்திருக்கிறீர்களே, அதற்குப் பெயர் என்ன?

ஞானக்கிறுக்கன்:
அதை அப்புறம் பேசலாம். ரிட்டர்ன், நானக் வாயால் வந்த வரி, பக்க எண். மூன்றாவது நாளாகக் கேட்கிறேன்.

லூதியானா_ரிட்டர்ன்:
இழை ஆரம்பித்தே இரண்டு நாள்தான் அண்ணே ஆகிறது. கணக்கிலும் கலவையா?

ஞானக்கிறுக்கன்:
பக்க எண்.