முதல் ஷாட்கன்: 20 போர் செமி ஆட்டோவா, 12 போர் மேல்கீழ் இரட்டைக்குழலா?

புதுத்தட்டு:
வணக்கம். இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுட்டு வந்தேன். உரிமம் கைக்கு வந்துவிட்டது, இனி சொந்தமாக ஒன்று வாங்கணும். வேட்டைக்கு இல்லை, பறக்கவிடும் களிமண் தட்டைச் சுட மட்டும்தான். ட்ராப், ஸ்கீட், எப்போதாவது ஸ்போர்ட்டிங் என்று மூன்று ஆட்டம். மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று நினைக்கிறேன்.

25 தட்டு முடிவதற்குள் தோள் வலிக்கிறது. 2.7 கிலோ எடையில் 20 போர் (12 போரைவிடச் சிறிய குழல் விட்டம்) செமி ஆட்டோ (அடுத்த தோட்டா தானே ஏறும் வகை) ஒன்றை எடுங்கள், லேசாக இருக்கும், உதைக்காது என்கிறார் விற்பவர். சரிதானா? வலக்கைக்காரன் நான், ஆனால் இடது கண்தான் பலமோ என்று ஒரு சந்தேகமும் இருக்கிறது. உயரம் 170 செ.மீ.

ஈயக்கணக்கு:
விற்பவர் சொல்வது தலைகீழ். உதையைத் தீர்மானிப்பது போர் அல்ல. தோட்டாவில் எத்தனை கிராம் ஈயம், அது என்ன வேகத்தில் போகிறது, துப்பாக்கி எத்தனை கிலோ, இந்த மூன்றும்தான். 24 கிராம் தோட்டா 20 போரில் போனாலும் 12 போரில் போனாலும் அதே 24 கிராம்தான். 3.5 கிலோ துப்பாக்கியில் சுடுவதை 2.8 கிலோவில் சுட்டால் உதையின் ஆற்றல் கால் பங்கு கூடும். லேசான துப்பாக்கி, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேட்டைக்காரருக்கு ஆனது.

எடை இருந்தால் வீச்சும் சீராக வரும். லேசான குழல் சட்டென்று கிளம்பும், சட்டென்று நின்றும் போகும். விசையை அழுத்தும் நொடியில் குழல் நின்றுபோனால் சுட்டது தட்டுக்குப் பின்னால்தான் போகும். புதியவர்கள் தவறவிடுவதில் பெரும்பங்கு இதுதான். 3.4 முதல் 3.7 கிலோ வரை, 30 அங்குலக் குழல் என்று தேடுங்கள். மூன்று ஆட்டத்துக்கும் நடுவாக நிற்கும். செமி ஆட்டோ என்றால் 28 போதும், ரிசீவர் (குழலுக்குப் பின்னால் இயக்கம் இருக்கும் உலோகப் பகுதி) நீளம் என்பதால் மொத்த நீளம் சரியாகிவிடும்.

12 போரே எடுங்கள். சர்வதேச விதிப்படி ட்ராப், ஸ்கீட் இரண்டிலும் தோட்டாவின் ஈயம் 24.5 கிராமைத் தாண்டக்கூடாது. ஒலிம்பிக்கில் தட்டு உடைப்பவர்களுக்கே அது போதும்போது நமக்கு 32 கிராம் எதற்கு? அதே வேகத்தில் 32 கிராம் சுட்டால் உதை ஒன்றரை மடங்குக்கு மேல். கிளப்பில் உங்களுக்குத் தந்த தோட்டா எத்தனை கிராம் என்று பெட்டியைப் பாருங்கள். வலிக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

என் தேர்வு மேல்கீழ் இரட்டைக்குழல்தான். மடக்கித் திறந்தால் காலியா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் (குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்த குழல்வாயைக் குறுக்கும் துண்டு) போடலாம்.

கேஸ்பிஸ்டன்:
செமி ஆட்டோவை அப்படியே ஒதுக்கிடாதீங்க. 20 போர் வேண்டாம்ங்கறது சரி, ஆனா கேஸ்ல, அதாவது சுடும்போது வர்ற வாயுவால, ஓடுற 12 போர், அதாவது பெரெட்டா ஏ400, ரெமிங்டன் 1100 மாதிரி, அதே எடை அதே தோட்டாவுக்கு இரட்டைக்குழலைவிட மென்மையாத்தான் தெரியும். ஒரே அடியா விழாம, உதையை நீட்டி இறக்கும்.

இனெர்ஷியா வகை செமி ஆட்டோ வேற. துப்பாக்கி பின்னால நகர்ந்தாத்தான் அதுல போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால மூடுற பாகம்) திறக்கும். லேசான 24 கிராம் தோட்டா போட்டா, அதுவும் புதுசுல, சிலது முழுசா திறக்காம காலிக் கூடு வாயிலேயே மாட்டிக்கும். கட்டைக்குள்ள (தோள்ல வைக்கிற பின்பகுதி) எடை சேர்த்தா இன்னும் மோசம்.

கேஸ் துப்பாக்கிக்குச் சுத்தம்தான் செலவு. பிஸ்டன்லயும் கேஸ் துளையிலயும் கரி ஏறினா ஓட்டம் மந்தமாகும். 1100ல ஒரு ரப்பர் ஓ ரிங் இருக்கு; அது கிழிஞ்சா கேஸ் ஒழுகி, தோட்டா மாறாது. துப்பாக்கியே போச்சுன்னு நினைக்க வேண்டாம், பையில ரெண்டு ரிங் உபரி வச்சுக்கிட்டாப் போதும். காலிக் கூடு வலப்பக்கம் தெறிக்கும். ட்ராப்ல பக்கத்துல நிக்கிறவர் மேல படாம இருக்க ரிசீவர்ல ஒரு தடுப்பு மாட்டிக்கணும்.

கன்னம்பதி:
போர், குழல் எல்லாம் அப்புறம். கண்ணை முதலில் முடிவு செய்யுங்கள், எந்தத் தோளுக்கு வாங்குவது என்பதே அதில்தான் இருக்கிறது.

இரண்டு கையையும் நேரே நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருள் ஒன்றை அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எதை மூடும்போது பொருள் மறைகிறதோ, அதுதான் ஆளும் கண். களைத்திருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள், சிலருக்கு மாறும்.

இடதுதான் என்று உறுதியானால், இப்போதுதான் பழகுகிறீர்கள் என்பதால் இடது தோளுக்கே மாறிவிடலாம். ஆரம்பத்தில் அசிங்கமாக இருக்கும், கை பழகிவிடும். அப்படி மாறினால் கேஸ்பிஸ்டன் சொன்ன செமி ஆட்டோவில் கூடு முகத்துக்குக் குறுக்கே பறக்கும், இடக்கைக்கென்று செய்ததைத் தேட வேண்டும். இரட்டைக்குழலிலும் கட்டையின் பக்கச்சாய்வைப் பாருங்கள்: வலக்கைக்குச் செய்த கட்டை வலப்புறம் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். தோள் மாற்ற முடியாது என்றால், கண்ணாடியின் இடது வில்லையில் சின்ன டேப் துண்டு ஒட்டலாம். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிய நிலையில் குழல் முனையிலுள்ள குறிமணியை மட்டும் இடது கண்ணுக்கு மறைத்தால் போதும்.

அடுத்து பொருத்தம். துப்பாக்கி காலி என்று நீங்களும் இன்னொருவரும் பார்த்தபின், கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். ரிப் (குழலின் மேல் ஓடும் பட்டை) மெல்லிய கீற்றாக, மணி அதன் நடுவில் தெரிய வேண்டும். ரிப் அகலச் சாலைபோலத் தெரிந்தால் உங்களுக்குக் கட்டை உயரம். ரிசீவரின் முதுகு மட்டும் தெரிந்தால் தாழ்வு. தலையைத் தூக்கித்தான் சுடுவீர்கள், ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை கன்னத்தில் அறையும். மூக்குக்கும் பெருவிரல் கணுவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருந்தால் நீளம் சரி. கட்டையின் அடிநுனி மட்டும் மார்பில் குத்தினால் அடிமுகத்தின் சாய்வை மாற்ற வேண்டும், அது சின்ன வேலைதான். எங்கே வலிக்கிறது என்றும் கவனியுங்கள். நீலம் பாய்வது மேல்கையில் என்றால், தோள்குழியில் வைக்காமல் கையின் மேல் வைக்கிறீர்கள்.

புதுத்தட்டு:
நன்றி. பார்த்துவிட்டேன், இடது கண்தான். தோளை மாற்றிப் பழகப் போகிறேன். கட்டை நேராக, பக்கச்சாய்வு இல்லாத பழைய 12 போர் மேல்கீழ் ஒன்று விலைக்கு வருகிறது. 30 அங்குலம், கழற்றும் சோக். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஈயக்கணக்கு:
குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, பிடியைப் பற்றிக் குலுக்குங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் இறுக்கமே தளர்வை மறைத்துவிடும். லொடலொடத்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூடிய நிலையில் மேல் நெம்புகோல் நடுவுக்குச் சற்று வலப்புறம் நிற்பது புதுசு, நடுவைத் தாண்டி இடப்புறம் போனது அதிகம் உழைத்தது.

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சோக்குகள் கையால் சுழல வேண்டும். வரவில்லை என்றால் துருவோ கரியோ, வாங்கும் முன் விற்பவரே கழற்றிக் காட்டட்டும். சோக் இல்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள், திருகுமரை கெட்டுவிடும்.

தோட்டா உட்காரும் அறையின் நீளம் குழலிலேயே பொறித்திருக்கும்: 65, 70, 76 என்று. தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பது சுட்டபின் விரிந்த கூட்டின் நீளம். அதனால்தான் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள்ளும் சிக்கலின்றி நுழைகிறது. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

இரண்டாம் குழல் டம்மி (வெடிக்காத) தோட்டாவில் சொடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள். இனெர்ஷியா வகை விசையென்றால், அது முதல் குண்டின் உதையில்தான் அடுத்த குழலுக்கு மாறும். கட்டையின் அடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மறுபடி அழுத்துங்கள். அப்போதும் இல்லை என்றால்தான் பழுது.

20 போர் தோட்டா ஒன்றுகூட இந்தத் துப்பாக்கியின் பக்கம் வரக்கூடாது. 12 போர் குழலுக்குள் அது வழுக்கி இறங்கி, அறைக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். பல கம்பெனிகள் 20 போர் கூட்டை மஞ்சளில் செய்வது இதற்காகத்தான்.

கன்னம்பதி:
எந்த ஆட்டத்துக்கு எந்த சோக் என்று யாரும் சொல்லவில்லை. சிலிண்டர், ஸ்கீட், குவார்ட்டர், ஹாஃப், ஃபுல் என்று இறுக்கம் கூடிக்கொண்டே போகும். ஸ்கீட்டுக்கு இரண்டிலும் ஸ்கீட் அல்லது சிலிண்டர், ஸ்போர்ட்டிங்குக்குக் கீழ்க்குழலில் குவார்ட்டர், மேலே ஹாஃப், ட்ராப்புக்கு ஹாஃபும் ஃபுல்லும். எதற்கும் மாற்றச் சோம்பலாக இருந்தால் குவார்ட்டர், ஹாஃப் போட்டு மறந்துவிடலாம், கெட்டுப்போகாது. ஒரு சுற்று முடிந்ததும் சோக் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் விரலால் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு வேலை: 16 கஜத்தில், அதாவது 14.6 மீட்டரில், பெரிய தாளில் ஒரு புள்ளி வைத்து, குறிபார்க்காமல் ஏற்றியவுடன் சுடுங்கள். நான்கைந்து முறை, ஒரே தாளில். குண்டுகள் கூடும் இடத்தின் மையம், நீங்கள் வைத்த புள்ளியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளங்கள். ஒரு அங்குலம் கீழே போனால் கன்னப்பகுதியை 1.6 மி.மீ. உயர்த்த வேண்டும், இரண்டு அங்குலம் என்றால் 3.2. முதலில் டேப்பும் அட்டையும் ஒட்டிச் சரிபாருங்கள், சரியாக வந்தபிறகு கட்டையில் கை வைக்கலாம்.